நூற்றெழுபத்தாறு நாட்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி இருக்கும். அரிசி களைந்துகொண்டிருந்தேன். வாசலில் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால் எங்கள் கல்லூரி அட்டெண்டர் கபாலி. விடுமுறை நாளில் மயிலாப்பூரிலிருந்து கோட்டூர்புரம் வரை மிதித்து வந்திருக்கிறார் என்றால் நல்ல சேதியாக இருக்காது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

"நம்ம பத்மாம்மா பூட்டாங்கம்மா," என்றார். "விடிகாலைலேர்ந்து மூச்சு வாங்கிக்கினே இருந்துச்சாம். தம்பிக்காரர் டாக்சி இட்டாரப் போயிருக்காரு. அவரு வர்றதுக்குள்ள முடிஞ்சிபோச்சு."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. "இன்னும் நாலு வூட்டுக்குச் சொல்லணும். நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாவே கீறவங்க, அதான் மொதல்ல உங்காண்ட வந்தேன்," என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் திருப்பினார். அரிசிப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

பத்மாசனி அம்மாளுக்கு நாற்பத்திரண்டு வயது. எங்கள் கல்லூரியில் படித்த பெண்களுக்கு அவரை வருகைப்பதிவு ஜன்னலுக்குப் பின்னால் இருந்த ஒல்லியான மேடம் என்றால் தெரியும். அலுவலகத்தில் அவரோடு வேலை செய்த உங்களுக்கு நான் அறிமுகம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உங்களில் யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி வேறு எதைச் சொன்னாலும் அது முழுசாகாது.

அறுபத்தெட்டாம் வருஷம் ஜூன் மாதம் நான் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தேன். சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். முதல் நாள், "இன்னா மேடம், இந்தப் பேப்பரை எங்க வெக்கறது?" என்று நான் கேட்டதும் இரண்டு பேர் குனிந்துகொண்டு சிரித்தார்கள். பத்மாசனி அம்மாள் சிரிக்கவில்லை. "இந்த மேஜைல வை. உன் பேர் என்ன?" என்று கேட்டார். தனம் என்றேன். "தனம், பேச்சை மாத்திக்காதே. ஸ்பெல்லிங்கை மட்டும் பாத்துக்கோ," என்றார். அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாடு அவரோடுதான்.

கணக்கில் அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. "சதவிகிதம்னு யாராவது சொன்னா, எதுல சதவிகிதம்னு முதல்ல கேளு. மேலே இருக்கறதை எல்லாரும் பாப்பா. கீழே இருக்கற எண்ணை யாரும் பாக்க மாட்டா," என்பார். ஒரு தீபாவளிக்கு முன்னால் தி.நகரில் புடவை எடுக்கப் போனோம். இருபது சதவிகிதத் தள்ளுபடி, அதற்கு மேல் இன்னும் பத்து என்று பலகையில் எழுதியிருந்தது. "முப்பது கொறையுது மேடம், ரெண்டா எடுத்துக்கலாம்," என்றேன். அவர் கடை வாசலிலேயே நின்று, "நூறு ரூபாய்ப் புடவைன்னு வெச்சுக்கோ. இருபது போனா எண்பது. அடுத்த பத்து சதவிகிதம் எதுல? எண்பதுல. எட்டுதான் போகும். ஆக இருபத்தெட்டு," என்றார். பிறகு, "இருபத்தெட்டும் நல்லதுதான். வா, ரெண்டே எடுத்துக்கோ," என்று உள்ளே போனார்.

நான் வேலைக்குச் சேர்ந்ததற்கு அடுத்த வருஷம் புகுமுக வகுப்பான பி.யு.சி.யில் சேர்ந்தவள் சொர்ணம். அப்பா தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் விற்பனையாளர். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்கள். ஐப்பசியில் சொர்ணத்தின் அம்மாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அவள் கார்த்திகை முடியும்வரை வீட்டோடு இருந்துவிட்டாள். ஜனவரியில் வந்து ஜன்னலருகே நின்றாள்.

"மேடம், நான் பரீட்சை எழுத முடியுமா?"

எழுபத்தைந்து சதவிகித வருகை இல்லாமல் பரீட்சைக்கு உட்கார முடியாது. தனக்கே உடம்பு சரியில்லை என்றால் மருத்துவச் சான்றிதழ் கொடுத்து விலக்குக் கேட்கலாம். நோயாளி அம்மாதான் என்பதால் இவளுக்கு அந்த வழியும் இல்லை. பத்மாசனி அம்மாள் அவளுடைய வகுப்புப் பதிவேட்டை எடுத்து, பென்சில் முனையால் தொட்டுத் தொட்டுப் பத்திகளை எண்ணினார். அதுவரை வகுப்பு நடந்தது நூற்றுப் பதினாறு நாள். சொர்ணம் வந்தது எழுபத்திரண்டு நாள்.

"அதுல எழுபத்தஞ்சு சதவிகிதம்னா எண்பத்தேழு மேடம். எனக்குப் பதினஞ்சு நாள்தானே குறையுது?" என்றாள் அந்தப் பெண். கணக்கில் கெட்டிக்காரிதான்.

"இன்னிக்கே பரீட்சைன்னா பதினஞ்சு. ஆனா நீ நாளைக்கு வந்தா மேலேயும் ஒண்ணு ஏறும், கீழேயும் ஒண்ணு ஏறும். இப்படிப் போட்டுப் பாரு," என்று ஒரு துண்டுத் தாளில் எழுதினார்.

(72 + x) / (116 + x) = 75 / 100

அவளையே போடச் சொன்னார். எழுபத்தைந்துக்கு நூறு என்பதை மூன்றுக்கு நான்கு என்று சுருக்கி, குறுக்கே பெருக்கி, சொர்ணம் விடை சொன்னாள். "அறுபது."

"அறுபது நாள் தொடர்ந்து வரணும்."

"இன்னும் எத்தனை நாள் மேடம் இருக்கு?"

அவர் காலண்டரைப் பார்த்தார். "அறுபது."

"அப்ப ஒரு நாள்கூட..."

"ஒரு நாள்கூட விடப்படாது."

அவள் வந்தாள். அறுபது நாளும் வந்தாள். தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது ஜன்னலருகே நின்று அன்றைய எண்ணைச் சொல்லிவிட்டுப் போவாள். முப்பத்தொண்ணு மேடம், முப்பத்திரண்டு மேடம். பிப்ரவரியில் ஒரு நாள் கண்ணெல்லாம் சிவந்து காய்ச்சலோடு வந்தாள். மத்தியான இடைவேளையில் எங்கள் அறையில் படுக்க வைத்து, பத்மாசனி அம்மாள் தன் ஃபிளாஸ்கிலிருந்த ரசத்தை ஊற்றிக் கொடுத்தார். மணி அடித்ததும் எழுந்து வகுப்புக்குப் போனாள். அறுபது என்று சொன்ன அன்று மாலை அவர் மேஜையிலிருந்து எழுந்து வந்து ஜன்னல் கம்பி வழியாக அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

பல்கலைக்கழகத்துக்குப் பட்டியல் போகும் நாள் வந்தது. மொத்த வேலை நாட்களைத் தலைமை எழுத்தர் வருஷக் காலண்டரிலிருந்து எடுத்து எழுதிக் கொடுத்தார். நூற்றெண்பது. சொர்ணத்தின் வருகை நூற்று முப்பத்திரண்டு. பத்மாசனி அம்மாள் போட்டுப் பார்த்தார். எழுபத்து மூன்றே சொச்சம். மறுபடியும் போட்டார். எழுபத்து மூன்றே சொச்சம்தான். மூன்று நாள் குறைகிறது.

அவளைக் கூப்பிட்டனுப்பினார். சொர்ணம் தன் ஜாமெட்ரி பெட்டியைத் திறந்து, நாலாக மடித்த அந்தத் துண்டுத் தாளை எடுத்து நீட்டினாள். "நீங்க அறுபதுன்னுதானே மேடம் சொன்னீங்க?"

"நூத்திப் பதினாறுன்னு எழுதியிருக்கேன். காலண்டர்படி அன்னிக்கு நூத்தி இருபதுன்னா இருக்கணும். பத்தியை எண்ணறச்சே நாலு நாளை விட்டிருக்கேன் போலிருக்கு," என்றார். அவர் குரல் அப்படி ஒடுங்கி நான் கேட்டதில்லை. பதிவேடுகள் அதற்குள் கட்டி முத்திரை வைத்து முதல்வர் அறைக்குப் போய்விட்டன. தலைமை எழுத்தரிடம் போய், பிரித்துப் பார்க்க முடியுமா என்று கேட்டார். "காலண்டர் பொய் சொல்லுமாம்மா? சாயங்காலத்துக்குள்ள லிஸ்ட் போகணும்," என்றார் அவர். பட்டியல் போய்விட்டது. அதில் சொர்ணத்தின் பெயர் இல்லை.

ஜன்னலருகே அவள் அழவில்லை. துண்டுத் தாளை மறுபடி நாலாக மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

ஜூன் மாதம் கல்லூரி திறந்த முதல் வாரம், என் மேஜை இழுப்பறையைச் சுத்தம் செய்தேன். கார்பன் தாள் அட்டைப்பெட்டிக்கு அடியில் ஒரு சுற்றறிக்கையின் நகல் கிடந்தது. நான் தட்டச்சு செய்ததுதான். நவம்பர் மழையில் அடையாற்றில் வெள்ளம் ஏறி, கரையோரக் குடிசைக்காரர்களை எங்கள் கல்லூரியின் பி.யு.சி. கட்டடத்தில் தங்க வைத்திருந்தார்கள். அதனால் பி.யு.சி. வகுப்புகளுக்கு மட்டும் நான்கு நாள் விடுமுறை. பட்ட வகுப்புகள் வழக்கம்போல் நடந்தன, அலுவலகமும் நடந்தது. அந்த வாரம் பத்மாசனி அம்மாள் மூச்சுத் திணறலில் வீட்டோடு படுத்திருந்தார். சொர்ணமும் அம்மாவோடு வீட்டில் இருந்தாள். இரண்டு பேருக்கும் அந்த விடுமுறை தெரியாது. வருகைப்பதிவுப் பிரிவுக்குப் போக வேண்டிய நகலை, அவர் வந்ததும் கொடுக்கலாம் என்று இழுப்பறையில் வைத்தவள் நான். மறந்தவளும் நான்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பட்டியல் போன அன்று, நூற்றுப் பதினாறா நூற்றிருபதா என்று அவர்கள் பேசியபோது நான் எட்டடி தூரத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். நாலு நாள் என்று காதில் விழுந்தது. எனக்கு எதுவும் தோன்றவில்லை.

அந்தத் தாளைக் கிழித்துவிடலாமா என்று அரை மணி நேரம் யோசித்தேன். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். பிறகு எழுந்து போய் அவரிடம் கொடுத்தேன்.

படித்தார். பென்சிலை எடுத்தார். "எழுபத்தஞ்சுக்கு நூறு. நூத்தி முப்பத்திரண்டுக்கு எத்தனை?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, நூற்று முப்பத்திரண்டை நூறால் பெருக்கி எழுபத்தைந்தால் வகுத்தார். நூற்றெழுபத்தாறு வந்தது. பக்கத்திலேயே நூற்றெண்பதிலிருந்து நாலைக் கழித்தார். அதே நூற்றெழுபத்தாறு. சரியாக எழுபத்தைந்து சதவிகிதம். ஒரு நாள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"ஜனவரில நான் போட்டது சரிதான், தனம்," என்றார். "சரியாப் போட்ட கணக்கைத் தப்புன்னு சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு மூஞ்சியைப் பாத்துண்டே சொல்லிட்டேன்."

"என் தப்பு மேடம். நான் போய் பிரின்சிபாலாண்ட சொல்லிடறேன்."

"உனக்கு ப்ரொபேஷன் எப்ப முடியறது?"

"இந்த மாசக் கடைசில."

"உங்காத்துல சம்பாதிக்கறவா வேற யாரு?"

அப்பா போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. இரண்டு தம்பிகளும் பள்ளிக்கூடத்தில். அது அவருக்குத் தெரியும்.

"வாயை மூடிண்டு உன் இடத்துல போய் உக்காரு. சுற்றறிக்கை எனக்கு வந்தது, நான் பாக்காம விட்டுட்டேன். அவ்வளவுதான்."

அப்படியே எழுதிக் கொடுத்தார். மெமோ வந்தது. ஒரு வருஷத்துக்கு இன்கிரிமெண்டை நிறுத்தினார்கள். பணிப் பதிவேட்டில் ஒரு வரி ஏறியது. நான் வாயை மூடிக்கொண்டு என் இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரமே சொர்ணத்தின் அப்பாவைத் தேடித் தி.நகர் போனோம். கடையில் கூட்டம். நாலைந்து புடவைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். பத்மாசனி அம்மாள் எல்லாவற்றையும் சொன்னார். தப்பு எங்கள் பேரில்தான், உங்கள் பெண் சரியாகத்தான் வந்திருக்கிறாள், செப்டம்பரில் எழுத அனுமதி வாங்கித் தருகிறேன் என்றார். சொர்ணத்தின் அப்பா ஒரு புடவையை மடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"வைகாசியில கட்டிக் குடுத்துட்டனேம்மா," என்றார். "பரீட்சைக்கு விடலன்னதும் புள்ள மூணு நாள் சாப்பிடல. வீட்ல சும்மா இருந்தா இன்னும் வெசனப்படுவான்னு வந்த வரனை முடிச்சேன். நான் என்னத்தக் கண்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "விலாசம் தாரேன், எழுதிக்கிடுங்க. அவுக வீட்ல விட்டா வரட்டும்," என்று பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.

அனுமதிக்காகப் பத்மாசனி அம்மாள் எத்தனை முறை பல்கலைக்கழகத்துக்கு அலைந்தார் என்று எனக்குத் தெரியும். மாடிப்படி ஏறினால் அவருக்கு உதடு நீலமாகிவிடும். பாதிப் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவார். ஹால் டிக்கெட் வந்தது. பதிவுத் தபாலில் அனுப்பினார். யாரோ கையெழுத்துப் போட்ட ஒப்புகைச் சீட்டு திரும்பி வந்தது. பதில் வரவில்லை.

பரீட்சை நாளன்று இருவரும் விடுப்புப் போட்டுவிட்டு ஒன்பது மணிக்கே தேர்வு மையத்தின் வாசலில் போய் நின்றோம். ஒவ்வொரு பஸ் நிற்கும்போதும் அவர் ஓரடி முன்னால் போவார். மணி அடித்தது. கேட்டைச் சாத்தினார்கள். "இன்னும் அஞ்சு நிமிஷம் பாப்போம்," என்றார். அரை மணி நேரம் நின்றோம். பஸ் ஏறித் திரும்பினோம். லஸ் முனையில் இறங்கும்போது, "வர முடிஞ்சிருக்காது," என்றார்.

சொர்ணத்தை மறுபடி பார்க்க ஆறு வருஷம் ஆயிற்று. அப்பா வீட்டுக்கு வந்தவள், ஒரு பெண் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு மத்தியானம் அந்த ஜன்னலருகே வந்து நின்றாள். சற்றுப் பருத்திருந்தாள். பத்மாசனி அம்மாள் உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"கடுதாசி, ஹால் டிக்கெட் எல்லாம் வந்துச்சு மேடம். அப்ப எனக்கு மசக்கை. தலை தூக்க முடியல. அவுகளும் அனுப்ப மாட்டேன்னுட்டாக," என்றாள். கொஞ்ச நேரம் குழந்தையின் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தாள். "நான் அறுபது நாளும் வந்தேன்ல மேடம்?"

"வந்தே. ஒரு நாள்கூட விடலே."

"அப்பா சொன்னாக, நீங்க கடைக்கே வந்து சொன்னீங்கன்னு. இருந்தாலும் உங்க வாயால கேக்கணும்னு இருந்துச்சு."

அவள் போன பிறகு அவர் வெகு நேரம் பேனாவைத் தொடவில்லை. நான் பக்கத்தில் போய் நின்றேன். "அவகிட்ட நானாச்சும் சொல்லியிருக்கணும் மேடம்," என்றேன். "சொல்லி? அவளுக்கு அந்த வருஷம் திரும்பி வருமா? போய் வேலையைப் பாரு," என்றார்.

போன வருஷம் அவரை இதய மருத்துவரிடம் அழைத்துப் போனது நான்தான். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் கெட்டுப்போன வால்வு. அறுவை சிகிச்சை செய்யலாம், எண்பது சதவிகிதம் நன்றாகிவிடும் என்றார் அந்த இளம் டாக்டர். "நீங்க எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கேள்?" என்று கேட்டார் இவர். டாக்டர் கொஞ்சம் தயங்கி, அஞ்சு பேருக்கு என்றார். வெளியே வந்ததும் இவர் சிரித்தார். "அஞ்சு பேரை வெச்சுண்டு நூறு பேருக்குச் சொல்றார், பாவம்." அப்புறம், "அந்த அஞ்சாவது ஆளுக்கு யாரெல்லாம் இருந்தாளோ," என்றார். சிகிச்சை செய்துகொள்ளவில்லை. நான் இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்கலாம்.

கல்லூரியில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கு நீங்களும் வந்திருந்தீர்கள். ஓய்வு பெற்ற நம் தலைமை எழுத்தர் எழுந்து, பதினெட்டு வருஷத்தில் ஒரே ஒரு தவறைத் தவிர பத்மாசனி அம்மாளின் வேலையில் குறை சொல்ல முடியாது என்றார். பெருந்தன்மையாகத்தான் சொன்னார். எல்லோரும் தலையசைத்தீர்கள். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். எழுந்திருக்க நினைத்தேன். எழுந்திருக்கவில்லை.

அந்த ஒரு தவறும் அவருடையது இல்லை.

மறுநாள் முதல்வர் அம்மையாரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "இறந்தவங்க பதிவேட்டுல எதையும் அடிக்க முடியாதும்மா. உங்க மேல நடவடிக்கை வேணும்னா வரலாம்," என்றார். "வரட்டும் மேடம். அடிக்க வேணாம், இந்தக் கடிதத்தை அந்தப் பக்கத்தோட சேர்த்து வைக்க விடுங்க," என்றேன். சம்மதித்தார். ஊசியும் நூலும் வாங்கி நானே தைத்தேன்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது என்ன என்று கேட்டால், இந்த வேலையைத்தான் சொல்வேன். இதில் வந்த சம்பளத்தில் என் தம்பிகள் இருவரும் பட்டம் வாங்கினார்கள். சொர்ணம் பி.யு.சி. முடிக்கவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் நான் வைத்துக்கொள்ள வேண்டும்.